தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று எழுதினீர்களே

கேள்வி: பகலில் கம்பெனி வேலை. இரவில் பல வருடங்களாக ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை, அதாவது யாரும் எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளக்கூடிய புரோகிராம் தொகுப்பை, தனியாகப் பராமரித்து வருகிறேன். எம்ஐடி லைசென்ஸ். பெரிய கம்பெனிகளே பயன்படுத்துகின்றன. ஆனால் காசும் இல்லை, நன்றியும் இல்லை. ஏதாவது உடைந்தால் மட்டும் ‘உடனே சரிசெய்யுங்கள்’ என்று இஷ்யூ (புகார்) போடுகிறார்கள். உடம்பு முடியாத அப்பாவை ஊரில் தம்பி பார்த்துக்கொள்கிறான், அதனால்தான் இரவு நேரமாவது எனக்குக் கிடைக்கிறது. லைசென்ஸை மாற்றுவதா, மொத்தமாக விட்டுவிடுவதா?

பதில்: லைசென்ஸ் விஷயம் சின்னது, முதலில் அதை முடித்துவிடுவோம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம், பதிப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் மட்டும் விடக்கூடாது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததுதான் எம்ஐடி. எந்த உத்தரவாதமும் இல்லை என்ற வரியும் அதிலேயே இருக்கிறது. ஆகவே ‘உடனே’ என்று கேட்பவருக்கு நீங்கள் கடன்பட்டவர் இல்லை. இனி வரும் வெர்ஷன்களுக்கு லைசென்ஸை மாற்றலாம், வெளிவந்துவிட்டவை எம்ஐடியிலேயே இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் ரெப்போவை (புரோகிராம் இருக்கும் இணையக் கிடங்கை) ஆர்க்கைவ் செய்யுங்கள், அதாவது படிக்க மட்டும் விட்டுப் பூட்டிவையுங்கள். தேவைப்படுகிறவர்கள் ஃபோர்க் செய்துகொள்வார்கள், தனிப் பிரதி எடுத்துத் தாங்களே வளர்த்துக்கொள்வார்கள். சலிப்பில் யாரோ ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியைத் தனி ஆளாகப் பார்த்துவந்தவர் களைத்துப்போயிருந்தபோது, ஒருவர் இரண்டு வருடங்களுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்று, உள்ளே ரகசிய வாசல் வைத்தார். 2024 மார்ச்சில்தான் அது வெளியே வந்தது.

உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, அந்த ஓட்டை இருந்த, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஓப்பன் சோர்ஸ் பாதுகாப்பு மென்பொருளில் முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர்தான். பெரிய கம்பெனிகள் பணம் போட்டதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, இப்போது உங்கள் தம்பிக்கு வருகிறேன்.

கடிதம் முழுக்க உங்களைச் சுரண்டுகிறவர்களைப் பற்றிய புகார். அதன் நடுவில் ஒரே வரியில் ‘தம்பி பார்த்துக்கொள்கிறான்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். அவனுக்கு வேலை இல்லையா? அவனுக்கு இரவு இல்லையா? இரவில் அப்பாவை எழுப்பி மாத்திரை கொடுப்பது யார், ஆஸ்பத்திரி வரிசையில் லீவு போட்டு நிற்பது யார்? அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யாரோ எழுதிய புரோகிராம் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்தக் கம்பெனிகள் நினைக்கின்றன. அப்பாவின் விஷயமும் தானாக நடக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த வீட்டில் மெயின்டெய்னர், பராமரிக்கிறவர், உங்கள் தம்பி. நீங்கள் நன்றிகூடச் சொல்லாமல் பயன்படுத்துகிற கம்பெனி. என் மேல் கோபம் வரும், வரட்டும்.

பணம் அனுப்புகிறேனே என்பீர்கள். இதே கேள்வியோடு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அனுப்புங்கள், நல்லதுதான். ஆனால் அந்தக் கம்பெனி நாளைக்கே ஒரு தொகை அனுப்பிவிட்டு, நள்ளிரவில் வரும் ஒவ்வொரு கோளாறையும் நீங்களே பார்க்கவேண்டும் என்றால் ஒத்துக்கொள்வீர்களா? உங்கள் களைப்பை இறக்கிவைக்க ஆள் வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்?

பெற்றவரைப் பார்ப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கடமை. பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் தலையில் அதை முழுதாக வைத்துவிட்டு, முகம் தெரியாதவர்களின் இஷ்யூவுக்கு விடிய விடிய பதில் எழுதுவதைத் தொண்டு என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உங்கள் உழைப்பால் பலருக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. அது ஒரு வாரம் காத்திருக்கும். அப்பாவின் உடம்பு காத்திருக்காது.

லைப்ரரியை மூடச் சொல்லவில்லை. ‘ஓய்வு நேரத்தில் செய்கிறேன், பதில் தாமதமாகும்’ என்று ரீட்மியில் (லைப்ரரியோடு வரும் அறிமுகக் குறிப்பில்) எழுதிவையுங்கள். அப்புறம் தம்பிக்கு போன் செய்யுங்கள். ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வான். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அடுத்து டாக்டரைப் பார்ப்பது என்றைக்கு, காப்பீட்டுக் காகிதங்கள் எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதெல்லாம் இன்றைக்கு அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பிறகு லீவு போட்டுக் கிளம்புங்கள், நீங்கள் அங்கே இருக்கிற நாட்களில் அவனை எங்காவது போய்வரச் சொல்லுங்கள்.