அயர்லாந்து கிராமத்தில் பக்கத்து வயலில் புது வீடு வருகிறது. எப்படி ஆட்சேபிப்பது?

முதலில் தேதியைப் பாருங்கள். வீடு கட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பம் உள்ளாட்சி கவுன்சிலுக்குப் போன நாளிலிருந்து 5 வாரத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். கட்டணம் 20 யூரோ. அந்தக் கெடுவைக் கோட்டைவிட்டால் பிறகு மேல்முறையீடும் பொதுவாகக் கிடையாது. வயல் வாசலில் நிற்கும் அறிவிப்பு மஞ்சளாக இருந்தால், அதே இடத்துக்கு 6 மாதத்துக்குள் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் போயிருக்கிறது. அந்தப் பழைய கோப்பையும் படியுங்கள்.

‘என் ஜன்னல் காட்சி மறைகிறது’ என்பதெல்லாம் எடுபடாது. புது வீட்டின் செப்டிக் டேங்க்தான் முக்கியம். கோப்பில் மண் பரிசோதனை அறிக்கை இருக்கும்: தோண்டிய குழியில் எந்த ஆழத்தில் தண்ணீர் நின்றது, மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சியது, உங்கள் குடிநீர்க் கிணறு வரைபடத்தில் இருக்கிறதா? விடுபட்டிருந்தால் அதையே முதல் வரியாக எழுதுங்கள். அடுத்து, புது வாசலிலிருந்து சாலை இருபுறமும் போதுமான தூரம் தெரிகிறதா என்பது. நகரத்தை ஒட்டிய கிராமம் என்றால், அங்கே குடியிருக்க வேண்டிய தேவையை விண்ணப்பதாரர் காட்டியாக வேண்டும்.

உங்கள் பெயர் பொதுக் கோப்பில் ஏறும். அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் செய்ய முடியாது. அனுமதி கிடைத்துவிட்டால், முடிவு வந்த 4 வாரத்துக்குள் கட்டுமான அனுமதி மேல்முறையீடுகளை விசாரிக்கும் தேசியத் திட்ட ஆணையத்திடம் (An Coimisiún Pleanála) முறையிடலாம்.