உடலில் அணியும் உணரிகள்: வடசென்னைத் தொழிலாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மணலியில் ஓர் ஆலையின் ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும்) வேலைக்கு ஒப்பந்த ஃபிட்டராகச் செல்கிறேன். சட்டையில் மாட்டிக்கொள்ள நான்கு வாயுக்களை (ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், எரிவாயு) அளக்கும் கேஸ் டிடெக்டர் தருகிறார்கள். அடிக்கடி கத்துகிறது என்று சிலர் அதைப் பேண்ட் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். வாடையே இல்லாதபோது அது கத்தினால் நம்பலாமா?
(ஃபிட்டர், மணலி)

பதில்: உங்கள் மூக்கைவிட அக்கருவியையே நம்புங்கள். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் காற்றில் அது பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மோப்ப உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு கலைந்துவிட்டது என்று நாம் எண்ணும் நேரமே மிக ஆபத்தான நேரமாக இருக்கக்கூடும். கருவியின் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் 10 பங்கிலேயே ஒலிக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. கலன்களிலும் குழாய்களிலும் உள்ள எரிவாயுவை வெளியேற்றச் செலுத்தும் நைட்ரஜனுக்கும் கிடையாது. நைட்ரஜன் நஞ்சன்று, ஆயினும் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்வதால், உள்ளே நுழைந்தவர் ஓரிரு மூச்சில் நினைவிழந்து விழக்கூடும். இயல்பான காற்றில் 20.9 விழுக்காடாக உள்ள ஆக்சிஜன் 19.5க்குக் கீழே இறங்கினால் கருவி கத்துவது இதற்காகவே.

பைக்குள் கிடக்கும் கருவி பைக்குள் இருக்கும் காற்றைத்தான் அளக்கும். மூக்கிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தூரத்துக்குள், சட்டைக் காலரிலோ மார்பிலோ, எதுவும் மூடாதபடி மாட்ட வேண்டும். திரை ஒளிர்வதாலும் பூஜ்யம் காட்டுவதாலும் உணரி (சென்சார்) உயிரோடு இருக்கிறது என்று கொள்ளக் கூடாது. ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் சோதனை வாயுவைச் சிறிது செலுத்தி, அது கத்துகிறதா என்று பார்த்துத்தான் கையில் வாங்க வேண்டும். ஃபிட்டராகிய நீங்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது: எரிவாயுவை அளக்கும் உணரி, வாயுவைத் தன்னுள் எரித்து அளக்கும் வினையூக்கி வகையாக இருந்தால், சிலிக்கோன் கலந்த ஸ்பிரேயும் கிரீஸும் அதைப் பாழாக்கிவிடும், அதன்பின் எரிவாயு சூழ்ந்திருந்தாலும் அது பூஜ்யமே காட்டக்கூடும். அதே வகை உணரி வேலை செய்ய ஆக்சிஜனும் தேவை என்பதால், நைட்ரஜன் நிறைந்த கலனுக்குள் அதன் கணக்கை நம்ப முடியாது.

வழக்கமான நான்கு வாயுக் கருவி அம்மோனியாவை அளக்காது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் கரையருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளைவிட்டு ஓடியதை நாம் மறக்கவில்லை. அம்மோனியா கையாளும் இடமென்றால் அதற்கென்று தனி உணரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே உள்ளே செல்லுங்கள்.

மார்பில் கருவி இருப்பதால், கலனுக்குள் இறங்க எழுத்தில் தரும் அனுமதியான பர்மிட்டுக்கு முந்தைய வாயுச் சோதனையைக் கைவிட்டுவிடலாம் என்பது கொடிய தவறு. கலனுக்குள் நச்சுவாயு இல்லை என்று உறுதி செய்யாமல் ஆளை இறக்கக் கூடாது என்பதை 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே வகுத்திருந்தது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். ஆகவே கலனின் வாய்ப்புறத்தில் மட்டும் அளந்தால் போதாது, மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் அளக்க வேண்டும். கருவி கத்தினால் காரணத்தை வெளியே வந்தபின் ஆராயலாம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டாலும், மூச்சுக் கருவி இல்லாமல் அவரைத் தூக்க இறங்காதீர்கள். நண்பனைக் காப்பாற்ற இறங்கியவர்களும் உடன் மாண்ட விபத்துகள் நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

கேள்வி: சொந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஆலைக்குள் போகலாமா?
(டிப்ளமோ பயிற்சியாளர், தண்டையார்பேட்டை)

பதில்: எரிவாயு சூழக்கூடிய பகுதிக்குள் கூடாது. அதன் பேட்டரியிலிருந்து பிறக்கும் சிறு தீப்பொறி போதும். அங்கே அணிபவை தீப்பொறியால் வெடிப்பை மூட்டாதவை என்று சான்று பெற்றவையாக இருக்க வேண்டும்.

கேள்வி: என் கணவர் வெல்டர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கோடை வேலையில் நாடித்துடிப்பை அளக்கும் பட்டை ஒன்றைக் கையில் கட்டுகிறார்கள். அது அவரைக் காப்பாற்றிவிடுமா?
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: உதவும், அம்மா, அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அப்பட்டை தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடுகிறது. சுத்தியல் அடிக்கும்போதும், பட்டை தளர்ந்திருக்கும்போதும் கணக்கு பிசகும். மாரடைப்பைக் கண்டறியும் கருவி அது அன்று. மணிக்கட்டுத் தோலின் வெப்பமும் உடலின் உள்வெப்பமும் ஒன்றல்ல.

உங்கள் கணவர் விஷயத்தில் எனக்கு உள்ள கவலை வேறு. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைத் தாழ்த்தி வைப்பவை. உடல் வெப்பத்தால் தத்தளிக்கும்போதும் துடிப்பு அதிகம் ஏறாததால், பட்டை எச்சரிக்காமலே இருந்துவிடக்கூடும். சிறுநீரைப் பெருக்கும் வகை மாத்திரையாக இருந்தால் உடலில் நீர் வற்றுவதும் சேர்ந்துகொள்ளும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதன் பெயரை ஆலை மருத்துவரிடமும் உங்கள் மருத்துவரிடமும் சொல்லி, அவருக்கென்று எச்சரிக்கை அளவை மாற்றச் சொல்லுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். பேச்சில் குழப்பமோ தள்ளாட்டமோ தெரிந்தால், பட்டை என்ன காட்டினாலும், உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி: இந்தக் கருவிகளின் பதிவுகளை வைத்து ஒப்பந்ததாரர் ‘சோம்பேறி’ என்றோ ‘நோயாளி’ என்றோ எங்களை நிறுத்திவிட முடியுமா?
(தொழிலாளி, அத்திப்பட்டு)

பதில்: இந்த அச்சம் நியாயமானது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டு எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான சில நோக்கங்களுக்குத் தொழிலாளியின் ஒப்புதலின்றியே தரவைப் பயன்படுத்த இடம் தருகிறது. இதனால் தொழிற்சங்கத்தின் வழியாக எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கேட்பதே நல்ல வழி என்பது என் கருத்து: துடிப்புப் பதிவை மருத்துவர் மட்டும் பார்க்கட்டும், கூலிக்கும் வருகைக்கும் அதைத் தொடக் கூடாது, வாயுப் பதிவின் நகல் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். அந்த வாயுப் பதிவை விட்டுவிடாதீர்கள். எந்த நாளில் எவ்வளவு நச்சு உங்களைச் சூழ்ந்திருந்தது என்பதற்கு, பிற்காலத்தில் நுரையீரல் கெட்டு இழப்பீடு கேட்க நேர்ந்தால், அதைவிட வலுவான சான்று அமைவது அரிது.