மகனின் நண்பன் மிஷனுக்குப் போகிறான்: தொடர்பில் இருப்பது எப்படி, வழியனுப்ப என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், லீஹை என்ற ஊரில் இருக்கிறோம். என் மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிபவர்கள். அந்தப் பையனின் குடும்பம் மார்மன் சபையை, அதாவது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இரண்டு வருஷம் மதத்தைப் பரப்பும் மிஷனரியாகப் பிலிப்பைன்ஸுக்குக் கிளம்புகிறான். சம்பளம் கிடையாதாம், செலவுக்கும் வீட்டிலிருந்துதான் பணம் கட்ட வேண்டுமாம். போனில்கூடப் பேச முடியாது என்று யாரோ சொல்ல, என் மகன் முகம் வாடிக் கிடக்கிறான். அங்கே அவன் அப்படி என்னதான் செய்வான்? தொடர்பில் இருக்க வழி உண்டா? வழியனுப்பும்போது என்ன கொடுக்கலாம்? நண்பனைப் பார்த்து என் மகனும் அந்தப் பக்கம் போய்விடுவானோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: முதலில் உங்கள் மகனிடம் சொல்ல வேண்டியது, தொடர்பு அறுந்து போகாது என்பதைத்தான். வாரத்தில் ஒரு நாள் அவனுக்கு ஓய்வு உண்டு. அந்த நாள் எது, இங்கே அப்போது மணி என்ன என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

யூட்டாவில் மாணவர் ஆலோசகராக இருப்பதால் மிஷனுக்குப் போகிறவர்கள், முடித்துத் திரும்பியவர்கள், பாதியில் வந்தவர்கள் எல்லோருடனும் பேசிப் பழகியிருக்கிறேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. உங்கள் மகனைப் போலத் தோழனைப் பிரிந்து வாடும் பிள்ளைகளும் என்னிடம் வருவதுண்டு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் ஆண்கள் 19 வயதில்தான் மிஷனுக்குப் போக முடியும். கல்லூரியில் ஒரு வருஷம் சேர்ந்து படித்துவிட்டுப் பிரிவார்கள். 2012 அக்டோபரில் அப்போதைய சபைத் தலைவர் தாமஸ் மான்சன் அந்த வயதை 18 ஆகக் குறைத்தார். பெண்களுக்கு 21 என்று இருந்ததும் அப்போது 19 ஆனது, 2025இல் அதுவும் 18 ஆகிவிட்டது. அதனால் இப்போது பள்ளி முடிகிற அதே கோடையில் ஒரு கூட்டமே கலைந்து போகிறது. உங்கள் மகனின் வருத்தத்தை அசட்டு வருத்தம் என்று நினைக்காதீர்கள்.

சரி, அங்கே அவன் என்ன செய்வான்?

காலை 6:30 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஜெபம், அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. அப்புறம் தனியாகவும், கூட இருக்கும் தோழனோடு சேர்ந்தும் வேதப் படிப்பு. அந்த ஊர் மொழியைப் படிக்கவும் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். டகாலோக், செபுவானோ, இலோகானோ என்று பிலிப்பைன்ஸில் எந்தப் பகுதிக்குப் போகிறானோ அதைப் பொறுத்து மொழி மாறும். அதன் பிறகு வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணி வரை தெருவில்தான். தெரிந்தவர் சொன்ன வீடுகளுக்குப் போவது, வழியில் பார்க்கிறவர்களோடு பேசுவது, கேட்க விருப்பமுள்ளவர்களுக்குப் பாடம் நடத்துவது, சபைக்கு வராமல் நின்றுபோனவர்களைப் பார்த்து வருவது. யாராவது வீடு மாற்றினால் சாமான் தூக்குவார்கள், வேலி கட்டினால் கூட நிற்பார்கள், இலவசமாக ஆங்கிலம் சொல்லித்தருவார்கள். திரும்பி வந்து மறுநாளுக்குத் திட்டம் எழுதி, 10:30 மணிக்குள் விளக்கை அணைத்துவிட வேண்டும். ஊருக்கு ஏற்ப நேரம் கொஞ்சம் முன்பின் ஆகலாம், ஒழுங்கு மாறாது.

ஆனால் மிஷன் போய் வந்தவர்களிடம் எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டால், அதிகாலையையும் வெயிலையும் விடக் கூட இருந்த தோழனைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். மிஷனரி ஒருபோதும் தனியாக இருக்கக் கூடாது. குளியலறை தவிர எங்கே போனாலும் தோழன் பார்வைக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். தோழனை அவன் தேர்ந்தெடுப்பதில்லை, அந்தப் பகுதி மிஷனரிகளுக்கெல்லாம் பொறுப்பான மிஷன் தலைவர் நியமிப்பார். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் வரும். அப்போது தோழன் மாறலாம், ஊரும் மாறலாம். சமையலில் கை வைக்காதவன், ராத்திரி குறட்டை விடுகிறவன், வாயே திறக்காதவன், சதா பேசிக்கொண்டே இருக்கிறவன் என யார் வாய்த்தாலும் அனுசரித்துப் போக வேண்டும். ஓர் அறையில், ஒரு பானைச் சோற்றில், நாள் முழுக்க இன்னொருவனோடு. கதவைச் சாத்திக்கொண்டு தனி அறையில் இருந்து பழகிய 18 வயதுப் பையனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. முதல் 12 வாரம் அனுபவமுள்ள ஒருவரைப் பயிற்சியாளராகக் கூட விடுவார்கள் என்பதுதான் ஆறுதல்.

செலவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்க மிஷனரிகள் கட்ட வேண்டிய தொகையை 2020 ஜூலையில் மாதம் 400 டாலரிலிருந்து 500 டாலராக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் 24 மாதத்துக்கு 12,000 டாலர். நியூயார்க் போனாலும் பிலிப்பைன்ஸ் போனாலும் ஒரே தொகைதான். அந்தப் பணம் பொதுவில் சேர்ந்து, அங்கங்கே தேவைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வாடகையை மிஷனே பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் பையன் கையில் அளவான தொகை வரும். பல பிள்ளைகள் பள்ளி நாளிலேயே பகுதி நேர வேலை பார்த்து இதற்குச் சேர்த்து வைக்கிறார்கள். ஆகவே அந்தப் பையனின் அம்மாவிடம் "இவ்வளவு செலவு பண்ணி அனுப்பணுமா?" என்று கேட்காதீர்கள். பையன் பிறந்ததிலிருந்து அவர்கள் மனதில் இருக்கும் பயணம் இது.

இனி தொடர்பு. போனில் பேச முடியாது என்பது பழைய கதை. 2019 பிப்ரவரிக்கு முன்னால் வீட்டுக்குக் கூப்பிட வருஷத்தில் இரண்டே நாள்தான், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். இப்போது வாரா வாரம் வீட்டாரோடு பேசலாம், வீடியோவிலும் பார்க்கலாம். நண்பர்களுக்கு மின்னஞ்சல் எழுதலாம். எல்லாம் ஓய்வு நாளில்தான். அவர்கள் பேச்சில் அதற்குப் 'பி-டே' என்று பெயர், பெரும்பாலான இடங்களில் திங்கள்கிழமை. துணி துவைப்பது, கடைக்குப் போவது, முடி வெட்டுவது, ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாவற்றையும் அன்று மாலை ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும்.

யூட்டாவை விடப் பிலிப்பைன்ஸ் குளிர்காலத்தில் 15 மணி நேரமும் கோடையில் 14 மணி நேரமும் முன்னால் ஓடுகிறது. அங்கே திங்கள் காலை எட்டு மணி என்றால் இங்கே ஞாயிறு மாலை ஐந்து அல்லது ஆறு. உங்கள் மகன் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதி அனுப்பினால், நண்பன் மின்னஞ்சலைத் திறக்கும்போது அது காத்திருக்கும். நாலு வரி போதும். ஊர்ச் செய்தி, கல்லூரியில் நடந்தது, யூட்டாவின் ஜாஸ் கூடைப்பந்து அணி ஆடிய ஆட்டம் எதையும் எழுதலாம். 'நீ இல்லாமல் ஒன்றுமே நன்றாக இல்லை' என்று வாரா வாரம் எழுத வேண்டாம். முதல் சில மாதங்களில் வீட்டு ஏக்கம் அவனைப் பிடித்து ஆட்டும், நாமும் சேர்ந்து இழுக்கக் கூடாது. பதில் சில வாரம் வராமலும் போகலாம். அவன் பலருக்கும் சேர்த்து எழுதும் வாரக் கடிதத்தின் பட்டியலில் உங்கள் மகனின் முகவரியையும் சேர்க்கச் சொல்லி இப்போதே கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் தேதியைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். விமானம் ஏறும் நாள் வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்ச் சபைகளுக்கெல்லாம் மேலே இருக்கும் வட்டாரத் தலைவர் கை வைத்து ஜெபித்து அவனை மிஷனரியாக நியமிப்பார். அந்த நிமிஷத்திலிருந்து சட்டதிட்டம் எல்லாம் நடைமுறைக்கு வந்துவிடும். இப்போது மிஷனரிப் பயிற்சியின் முதல் சில நாட்களை வீட்டிலிருந்தே இணையவழியில் நடத்துகிறார்கள். அதாவது பையன் பக்கத்து வீட்டில்தான் இருப்பான், ஆனால் உங்கள் மகனோடு பந்து விளையாட வர மாட்டான். இது தெரியாமல் போய்க் கதவைத் தட்டி மனம் நொந்த பிள்ளைகள் உண்டு. நியமிக்கும் நாள் எது என்று கேட்டு, விருந்து, ஊர் சுற்றல், பேச்சு எல்லாவற்றையும் அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறுகளில் ஒன்றில் அவன் சபையில் பேசுவான். உங்களையும் கூப்பிடுவார்கள், தாராளமாகப் போகலாம். ரொட்டித் துண்டும் தண்ணீரும் தட்டில் வரும்போது எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் விருந்து வைத்தால் காபியும் டீயும் வேண்டாம், அவர்கள் இரண்டையுமே குடிப்பதில்லை. பாதாம் பால், நன்னாரி சர்பத், எலுமிச்சை ஜூஸ் கொடுக்கலாம்.

பரிசு என்றால் வீடியோ கேம், கதைப் புத்தகம், சினிமா, சினிமாப் பாட்டு எதுவும் உதவாது. அங்கே அவற்றுக்கு அனுமதி இல்லை. நடந்து நடந்து தேயாத கறுப்பு ஷூ, சீக்கிரம் காயும் சாக்ஸ், மடக்கினால் பைக்குள் அடங்கும் உறுதியான குடை வாங்கிக் கொடுங்கள். பிறகு பார்சல் அனுப்பிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சுங்கம், தாமதம், அதற்குள் அவன் வேறு ஊருக்கு மாறியிருப்பது என்று தொல்லை அதிகம்.

நீங்கள் கொடுக்கக்கூடிய இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவனைக் கூப்பிட்டுக் கையால் துணி துவைக்கச் சொல்லிக்கொடுங்கள். பிலிப்பைன்ஸில் பல இடங்களில் மிஷனரிகள் பக்கெட்டில்தான் துவைத்துக்கொள்கிறார்கள். வாஷிங் மெஷினில் போட்டு எடுத்தே வளர்ந்த பையனுக்கு வெள்ளைச் சட்டைக் காலரின் அழுக்கு எப்படிப் போகும் என்று தெரிந்திருக்காது. காலரையும் அக்குளையும் நனைத்து, பார் சோப்பைத் தேய்த்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, இரண்டு கையாலும் கசக்கி, நுரை போகும் வரை அலசி, ஓங்கி உதறிக் கொடியில் போட வேண்டும். உதறிப் போட்டால் சுருக்கம் பாதி குறையும். ஈரக் காற்றுள்ள ஊர் என்பதால் நெருக்கிப் போடக் கூடாது. அப்படியே சாதம் வடிப்பதையும் காட்டிவிடுங்கள். உங்கள் வீட்டில் மீன் குழம்பைப் பிசைந்து கையால் சாப்பிட்டுப் பழகியவன் என்றால் அங்கே ஒரு வேலை மிச்சம், சோறும் மீனும் கையால் உண்பது அவர்களுக்கும் உண்டு.

புயல் செய்தி வந்தால் பதற வேண்டாம். 2013 நவம்பரில் ஹையான் புயல் தக்லோபான் நகரைப் புரட்டிப் போட்டபோது அந்த மிஷனில் இருந்த எல்லா மிஷனரிகளும் பத்திரமாக மீட்கப்பட்டார்கள். தகவல் முதலில் பெற்றோருக்குத்தான் வரும். அந்த அம்மாவிடம் போய்க் கேளுங்கள், அன்றைக்கு அவருக்கும் பக்கத்தில் ஆள் தேவைப்படும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். சபை ஆட்கள் உங்கள் மகனிடம் பேசலாம், கூப்பிடவும் செய்யலாம். விருப்பமில்லை என்றால் ஒரே ஒரு தடவை, தெளிவாக, மரியாதையாகச் சொன்னால் போதும். 'பிறகு பார்க்கலாம்' என்று இழுத்தால்தான் மறுபடி மறுபடி வருவார்கள். இங்கேயும் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக இரண்டு பேர் கதவைத் தட்டக்கூடும். அவர்களும் எங்கிருந்தோ வந்த பிள்ளைகள்தான். பாடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். வீட்டில் பெண் ஒருவர் மட்டும் தனியாக இருந்தால் பையன்கள் உள்ளே வர மாட்டார்கள், வாசலிலேயே கொடுத்துவிடலாம். பனி அள்ளவோ சோபா தூக்கவோ உதவி செய்தால் காசு நீட்டாதீர்கள், வாங்க மாட்டார்கள். சாப்பாடு கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் இரண்டு வருஷத்தை முடிப்பதில்லை. உடம்பு ஒத்துக்கொள்ளாமல், மனம் தாங்காமல் சிலர் முன்பே திரும்புகிறார்கள். இந்த ஊரில் அப்படி வருவதை ஒரு தோல்வி போலப் பார்க்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. தெருவில் நடக்கவே கூசி, வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது நடந்தால் ஏன் வந்தாய் என்று உங்கள் மகன் கேட்கவே வேண்டாம். பழையபடி பந்தை எடுத்துக்கொண்டு போய் நிற்கட்டும். அந்த நேரத்தில் சபைக்கு வெளியே இருக்கிற நண்பனிடம் பேசுவது பல பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கிறது.

கடைசியாகப் படிப்பு. யூட்டா பல்கலைக்கழகம், பிரிகம் யங் பல்கலைக்கழகம் போன்ற இங்குள்ள கல்லூரிகளில் மிஷன் போகிறவர்கள் கிடைத்த இடத்தை ஒத்திவைக்க வழி உண்டு. கிளம்பும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், உதவித்தொகை இருந்தால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் மகன் அவனுக்காகக் காத்திருந்து தன் சேர்க்கையைத் தள்ளிப்போட நினைத்தால் தடுத்துவிடுங்கள். நண்பன் திரும்பும்போது இவன் மூன்றாம் வருஷத்தில் இருப்பான், அவன் முதல் வருஷத்தில் சேருவான். விடுதி அறையைச் சேர்ந்து எடுக்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தால், இந்த வருஷத்துக்கு வேறு அறைத்தோழனைப் பார்க்கச் சொல்லி இப்போதே விண்ணப்பத்தை மாற்றிவிடுங்கள்.