கணவர் அந்த அட்டையில் எங்கே இருக்கிறார்?

கேள்வி: சித்திர அட்டைகளை எடுத்துப் பலன் சொல்லும் டாரட் ஜோதிடர் ஒருவரிடம் போயிருந்தேன். எனக்கு 'ஹை பிரீஸ்டஸ்' (தலைமைப் பெண் பூசாரி) அட்டை வந்தது. "உங்களிடமிருந்து ஏதோ மறைக்கப்படுகிறது, உள்மனம் சொல்வதைக் கேளுங்கள்" என்றார். அன்று முதல் கணவர் மீது சந்தேகமாகவே இருக்கிறது. அந்த அட்டைக்கு உண்மையில் என்னதான் பொருள்? (பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகி)

பதில்: 'ஏதோ மறைக்கப்படுகிறது' என்றுதானே அவர் சொன்னார்? கணவரை உள்ளே கொண்டுவந்தது யார்?

அட்டையையே பார்ப்போம். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு தூண்கள். சாலமோன் ஆலயத்தின் வாசல் தூண்களை நினைவூட்டுபவை. நடுவில் ஒரு பெண். கையில் சுருள் ஏடு, அதில் பாதி மேலங்கிக்குள். பின்னால் மாதுளம்பழங்கள் வரைந்த திரை, காலடியில் பிறை. 1909இல் லண்டனில் வெளியான அட்டைக்கட்டுக்காக பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்வதில்லை. வாய் திறக்காத ஒருத்தியை வைத்துக்கொண்டு ஜோதிடர்தான் பேசியிருக்கிறார்.

பழமையைச் சொல்லி மிரட்டியிருந்தால் அதையும் தள்ளுங்கள். டாரட் என்பது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்குக்கு ஆடிய சீட்டு. இது எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று 1781இல் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல்தான். படிக்கவே தெரியாத காலத்தில் கண்டுபிடித்த ஞானம்!

'ஏதோ மறைக்கப்படுகிறது' என்ற வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர், தனித்தனியாக எழுதப்பட்ட குணமதிப்பீடு என்று சொல்லித் தம் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண், சராசரியாக 5க்கு 4.26. பெரும்பாலான வாக்கியங்களை ஒரு மலிவு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

இருந்தாலும் பொருள் கேட்டுவிட்டீர்கள். அந்த அட்டைகளை உருவாக்கச் செய்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் தம் விளக்க நூலில் இதற்கு ரகசியம், மர்மம், இன்னும் வெளிப்படாத எதிர்காலம், மௌனம் என்றெல்லாம் பொருள் தருகிறார். கூடவே இன்னொன்றும் இருக்கிறது. பலன் கேட்பவர் ஆணானால் அட்டை அவர் மனத்தில் இருக்கும் பெண்ணைக் குறிக்குமாம். பெண்ணானால் அவரையே குறிக்குமாம். ஆக, சாஸ்திரப்படியே பார்த்தாலும் திரைக்கு முன்னால் மௌனமாக உட்கார்ந்திருப்பது உங்கள் கணவரல்ல, நீங்கள். மனத்தில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பத்திரிகைக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்களே!

சந்தேகத்துக்கு அட்டையைத் தவிர வேறு காரணம் இருந்தால் அதைக் கணவரிடமே நேராகக் கேளுங்கள். இல்லையென்றால் பாவம், அந்த மனிதரை விட்டுவிடுங்கள். அடுத்த முறை வரச் சொல்லியிருப்பாரே ஜோதிடர்? போக வேண்டாம்.