ஊருக்குப் போகும் முன் ஃப்ரீசரைக் காலி செய்வது எப்படி?

"ஜூலையில் இரண்டு மாதம் ஊருக்குப் போகிறோம், ஃப்ரீசர் நிறைய சாமான் கிடக்கிறது, சுலபமாக எப்படித் தீர்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் வளைகுடாவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு இருப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். நான் ஷார்ஜாவில் 14 வருடமாக இருக்கிறேன்.

எதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்களோ, அதை முதலில் சமையுங்கள். பட்டுத்தான் சொல்கிறேன். 2018இல் அம்மா வந்திருந்தார். கிளம்புவதற்கு முன் மீன் குழம்புக்கு வறுத்து அரைத்து எட்டு டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டர் ஒட்டி, "புளி கொஞ்சமா ஊத்து" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இரண்டைத்தான் எடுத்தேன். மீதியை விருந்தாளி வந்தால் ஆகும் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். நாங்கள் ஊரில் இருந்தபோது, கசிவு பார்க்க வந்த பராமரிப்பு ஆள் கரண்ட் மெயினை அணைத்துவிட்டுப் போட மறந்துவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் வந்து திறந்தால் மூடியெல்லாம் உப்பித் தெறித்திருந்தது, பிளாஸ்டரில் எழுத்து கரைந்து நீலத் திட்டாகக் கிடந்தது. "மசாலா எப்படிம்மா இருந்துச்சு?" என்று அம்மா போனில் கேட்டார். "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஜூன் பிறந்தால் மீன், கறி வாங்குவதை நிறுத்திவிடுகிறேன். வஞ்சிரம் முதல் வாரமே குழம்பாகிவிடும். கைப்பிடி இறால் மிஞ்சினால் முருங்கைக்காய், மாங்காயோடு தொக்கு. பட்டாணியும் கேரட்டும் குருமா, அதற்குக் கடைப் பரோட்டா பாக்கெட். கோழியில் கழுத்து, இறக்கை என்று துண்டு துண்டாகக் கிடப்பதை மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு அம்மா வைக்கும் கோழி ரசம் வைப்பேன். சளி பிடித்த பிள்ளைகூட இரண்டு தம்ளர் குடிக்கும். தேங்காய்த் துருவலைக் கடைசிக்கு வையுங்கள். சிவக்க வறுத்து, மிளகாய், புளி, உப்பு வைத்து அரைத்தால் துவையல். கிளம்பும் நாள் தயிர்ச்சோற்றுக்கு அது போதும்.

ஃப்ரீசரில் வைத்ததே விஷம் என்று இங்கே சொல்ல வருபவர்களுக்கு: மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகாது, நாளானால் ருசிதான் குறையும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி உருக வையுங்கள். இந்த ஊர் வெயிலில் மேடையில் வைக்கவே வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் டிக்கெட் விலையைத் தொட முடிவதில்லை. நாலு பேர் போய்வருவதற்கு வருடம் முழுக்கச் சேர்க்கிறோம். ஊரில் இறங்கியதும் "என்ன கொண்டுவந்தே?" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முழுவதும் தீர்ந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, மடித்த துண்டை இடையில் வைத்துக் கதவைத் திறந்தே விடுங்கள். எதையாவது விட்டுத்தான் போக வேண்டும் என்றால், ஒரு தம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு திர்ஹம் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகியிருக்கிறது. முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.