பச்சை சாயம் உடம்பில் தங்கிவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. நுரையீரலில் ஒன்றரை செ.மீ. புற்றுநோய்க் கட்டி. நுரையீரலின் பெரிய பிரிவான மடல் முழுவதையும் எடுக்க வேண்டாம், அதில் ஒரு செக்மென்ட், அதாவது ஒரு சிறு பகுதி போதும், ஆபரேஷன் நடுவில் பச்சை சாயம் ஏற்றிப் பார்த்து வெட்டுவோம் என்கிறார்கள். அது கதிர்வீச்சா? உடம்பிலேயே தங்கிவிடுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் இல்லை, பயப்படாதீர்கள். இண்டோசயனின் கிரீன் என்கிற இந்த மருந்து 1950-களிலிருந்தே இதயம், கல்லீரல் பரிசோதனைகளில் பழகிய ஒன்று. நரம்பில் ஏற்றியதும் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும், மூன்று நான்கு நிமிடத்திலேயே பாதி குறைந்துவிடும், கல்லீரல் அதைப் பித்தத்தில் கலந்து வெளியே தள்ளிவிடும்.

சாயம் பட்டால் புற்றுநோய் பளிச்சென்று தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஆபரேஷனில் அது காட்டுவது கட்டியை அல்ல, எல்லையை. நுரையீரலை வெளியிலிருந்து பார்த்தால் செக்மென்ட்டுக்கும் செக்மென்ட்டுக்கும் நடுவில் கோடே தெரியாது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி ரத்தக்குழாய் உண்டு. எடுக்க வேண்டிய பகுதிக்குப் போகும் குழாயை முதலில் கட்டி வெட்டிவிட்டு, மயக்க மருந்து டாக்டரிடம் 'இப்போது ஏற்றுங்கள்' என்பார் சர்ஜன். அரை நிமிடத்துக்குள், அகச்சிவப்புக் கேமரா காட்டும் திரையில் நுரையீரல் பச்சையாக ஒளிரும், அந்த ஒரு பகுதி மட்டும் இருட்டாகவே இருக்கும். ஒளி சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் சூட்டுக் கருவியால் விளிம்பில் மளமளவென்று புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். முன்பெல்லாம் காற்றை ஊதிப் பார்த்துத்தான் எல்லையைக் கண்டுபிடித்தார்கள். பல வருடம் புகைபிடித்த நுரையீரலில் அது சரியாக எடுபடாது, ஊதிய நுரையீரல் கேமராவையும் மறைக்கும்.

(கட்டியையே ஒளிர வைக்கும் பஃபோலாசியனின் என்ற சாயத்துக்கு நுரையீரலுக்காக அமெரிக்கா 2022-இல் அனுமதி தந்தது. அது வேறு.)

எல்லைக்கு ஏன் இவ்வளவு பாடு? 2 செ.மீ.க்கு மேற்படாத கட்டியுள்ள 1,106 பேரிடம் ஜப்பானில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் செக்மென்ட் எடுத்தவர்களில் 94.3 சதவீதம், மடல் எடுத்தவர்களில் 91.1. ஆனால் ஆபரேஷன் செய்த பக்கத்திலேயே நோய் திரும்பியது செக்மென்ட் எடுத்தவர்களில் 10.5 சதவீதம், மடல் எடுத்தவர்களில் 5.4 என்று செக்மென்ட்டில்தான் அதிகம். அதனால் கட்டியைச் சுற்றி எவ்வளவு நல்ல திசுவையும் சேர்த்து எடுப்பார்கள், நிணநீர் முடிச்சுகளுக்கும் நோய் பரவியிருந்தால் மடலையே எடுப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அப்புறம், அப்பாவுக்கு அயோடின் அலர்ஜி இருந்தால் அதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இந்த மருந்தில் அயோடின் கலந்திருக்கிறது.