எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி? எழுதியதை அவர்களே திரும்பிப் பார்க்க என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் தன் வகுப்பில் எல்லாரும் உரைநூலில் உள்ளதை அப்படியே எழுதுகிறார்கள், "யோசித்து எழுது" என்றால் முழிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. 14 வருடம் ஆகிறது. முதல் சில வருடங்கள் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசி என்று சொல்வதால் யாருக்கும் யோசனை வருவதில்லை. எந்த இடத்தில் யோசிப்பது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

ஒரு முறை "எங்கள் ஊர்" என்று கட்டுரை கொடுத்தேன். 28 நோட்டில் 19 நோட்டு "மலைகளின் அரசி" என்று தொடங்கின. பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலைத் தோட்டங்கள், தாவரவியல் பூங்கா, படகு இல்லம், மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிற ரயில் அது. கோத்தகிரிக்கு வருவதே இல்லை. ஆனாலும் எல்லார் கட்டுரையிலும் ஓடியது. சீகை மரங்களுக்கு நடுவே நடந்து, வழியில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை காத்திருந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் இவர்கள். இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வந்தவர் கண்ணால் தங்கள் ஊரை எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால்தான் மதிப்பெண் என்று பழக்கியது நாங்கள்தான்.

அதற்குப் பிறகு தொடங்கிய ஒரு பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. பத்து நிமிடம் எழுதச் சொல்வேன், நோட்டின் இடது பக்கத்தில் மட்டும். எழுதும்போது கை எங்கே நின்றதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான். முடித்த பிறகு, தன் புள்ளிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மனசில் என்ன வந்தது என்று வலது பக்கத்தில் எழுத வேண்டும். அன்று சிவப்புப் பேனாவைத் தொட மாட்டேன். சந்திப்பிழை, ஒருமை பன்மை எல்லாம் வேறொரு நாள்.

ஒரு பெண் பிள்ளை எழுதியிருந்தாள்: "என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். அவர் மிகவும் கஷ்டப்படுகிறார்." அந்த "கஷ்டப்படுகிறார்" பக்கத்தில் ஒரு புள்ளி. வலது பக்கம் காலி. பக்கத்தில் போய் உட்கார்ந்து, இங்கே ஏன் நின்றாய் என்று கேட்டேன். "வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு டீச்சர், அதெல்லாம் கட்டுரையில வருமான்னு தெரியல" என்றாள். வரும், எழுது என்றேன். அவள் எழுதியது நான்கு வரி. கொழுந்து எடுத்து எடுத்து அம்மாவின் விரல் கறுத்திருக்கும், பனிக்காலத்தில் வெடித்துவிடும். காலையில் எனக்குத் தலை பின்னும்போது அந்த வெடிப்பில் முடி மாட்டும். வலிக்கும். நான் சொல்ல மாட்டேன்.

அந்த நான்கு வரியைப் படித்த பிறகு முதலில் எழுதிய இரண்டு வரியையும் அவளே அடித்துவிட்டாள். நான் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தல் என்று நீங்கள் கேட்பதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

எல்லாப் புள்ளியும் அப்படி இருக்காது. பாதிக்கு மேல் சொல் தெரியாமல் நின்றவை. அவற்றிலும் எதையும் லேசாக விட்டுவிடாதீர்கள். வீட்டில் படுக மொழி பேசும் ஒரு படுகர் பையன் "என் பாட்டி" என்று தொடங்கி உடனே நின்றுவிட்டான். வீட்டில் யாரும் பாட்டி என்று சொல்வதில்லை, ஹெத்தெ என்றுதான் கூப்பிடுவார்கள், பாட்டி என்று எழுதினால் வேறு யாரையோ எழுதுவது போல இருக்கிறது என்றான். தமிழ் எழுத்திலேயே ஹெத்தெ என்று எழுதச் சொன்னேன். இந்த மலையின் பழங்குடிகளான தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதிக்கொள்ள 1930களில் மரே எமனோ என்ற மொழியியல் அறிஞர் கடல் கடந்து வந்தார். அந்த மதிப்பில் கொஞ்சமாவது நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் வீட்டுச் சொல்லுக்கு நாம் தர வேண்டாமா?

இன்னொருவன் "எங்கள் சொந்த ஊர்" என்பதோடு நின்றான். தாத்தா 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறிய கதையை இன்னும் சொல்வார். தாத்தாவுக்கு ஊர் என்றால் பதுளை, அப்பாவுக்கு இந்தத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடு, எனக்கு எதை எழுதுவது என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையே எழுதி வா என்றேன். ஒரு வாரம் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான்.

மாதக் கடைசியில் ஒரு பீரியட் புதிதாக எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பழைய பக்கங்களைத் தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படிக்க வேண்டும். வைத்துக்கொள்ள விரும்பும் ஒரு வாக்கியம், இப்போது எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன் என்று தோன்றும் ஒரு வாக்கியம், காரணம் இரண்டு வரியில். நாக்கு தடுக்குகிற வாக்கியத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். "சூப்பர்", நட்சத்திரம் போடுவதை நான் விட்டுவிட்டேன். நட்சத்திரம் வாங்கிய வரியையே பிள்ளை மறுபடி மறுபடி எழுதுகிறது.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். இப்படிக் கேட்டால் வீட்டு விஷயங்கள் வரும். இந்தப் பழக்கம் தொடங்கிய முதல் வருடம் ஒரு பையனின் பக்கத்தை நல்ல எழுத்து என்று வகுப்பில் படித்துக் காட்டினேன். அதில் அவன் அப்பாவின் குடி இருந்தது. அப்புறம் மூன்று மாதம் அவன் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அது இன்றும் என் மனசை உறுத்துகிறது. இப்போது பக்கத்தை மடித்து வைத்தால் நான் மட்டும்தான் படிப்பேன் என்பது விதி. ஆனால் அடி, பசி, பயம் என்று இருந்தால் உதவிக்கு இன்னொருவரிடம் நான் சொல்லியாக வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எங்கள் கரும்பலகையின் மூலையில் எப்போதும் இருக்கும்.

தேர்வுக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை, உட்தலைப்பு எல்லாம் வேண்டும்தான். அதைத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு சொல்லிக்கொடுத்தால் போதுகிறது. சொல்ல விஷயம் இருக்கிற பிள்ளைக்குச் சட்டகம் சீக்கிரம் வருகிறது.

நீங்களும் மலைப் பகுதியில் இருந்தால் இன்னொன்று. டிசம்பரில் உறைபனி விழுந்த ஒரு காலை, முதல் பீரியடில் எழுத வைத்தேன். ஒரு பெண்ணின் பக்கம் முழுக்கப் புள்ளி. இவ்வளவு இடத்தில் மனசு நின்றதா என்று ஆசையோடு கேட்டேன். "விரல் மடங்கல டீச்சர்" என்றாள். இப்போது பனி மாதங்களில் பதினோரு மணி வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகுதான் நோட்டை எடுக்கச் சொல்கிறேன்.